வருடத்துக்கு ஒரு கேம்: பிடித்தவற்றைப் பட்டியல் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்த வருடத்தில் தொடங்கி இன்றுவரை, ஒவ்வொரு வருடத்துக்கும் உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு வீடியோ கேம். விதி இவ்வளவுதான். கேம் ஆடுகிறவர்கள் கூடும் இடங்களில் இந்தப் பட்டியல் அவ்வப்போது தலைகாட்டும், பார்த்ததும் நாமும் போடலாமே என்று கை பரபரக்கும், அரை மணி நேர வேலை என்று நினைத்து உட்காருவோம். பத்து வருடம் தாண்டுவதற்குள் குழப்பம் ஆரம்பித்துவிடும். அப்போது ஒவ்வொருவரும் அவசரத்துக்கு ஒரு முடிவு எடுக்கிறார்கள், அங்கேதான் பட்டியல் கெட்டுப்போகிறது. கண்ணில் படும் பட்டியல்களில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல இருக்கின்றன: 1998 என்றால் ஒகரினா ஆஃப் டைம், 2004 என்றால் ஹாஃப்-லைஃப் 2, 2017 என்றால் பிரெத் ஆஃப் தி வைல்ட். மூன்றும் அருமையான கேம்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பட்டியலை எழுதியவர் எங்கே வளர்ந்தார், எதில் ஆடினார், எதற்காகத் தூக்கத்தைத் தொலைத்தார் என்று அதிலிருந்து ஒன்றுமே தெரிவதில்லை. தனிப்பட்ட பட்டியலில் அது தெரியவில்லை என்றால் அதை ஏன் நீங்கள் எழுத வேண்டும்?

முதல் தவறு, எந்த வருடத்தைக் கணக்கில் எடுப்பது என்று முடிவு செய்யாமலே தொடங்குவது. கேம் வெளியான வருடமா, நீங்கள் ஆடிய வருடமா? அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வளர்ந்தவர்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்திருக்கும். நமக்கு அப்படி இல்லை. சூப்பர் மரியோ பிரதர்ஸ் ஜப்பானில் வந்தது 1985 செப்டம்பரில். கான்ட்ரா ஆர்கேடில் (கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிகளில்) வந்தது 1987, வீட்டில் ஆடும் வடிவம் அடுத்த வருடம். இங்கே பலரும் அவற்றைப் பார்த்தது தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னாலும், டிவியில் மாட்டும் நகல் பெட்டிகளில், ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கான கேம்கள் இருப்பதாக அட்டையில் போட்டு விற்ற காலத்தில். அப்படி ஆடியவர் கான்ட்ராவை 1998-க்கு நேராக எழுதினால் தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அடுத்த வரியிலேயே இன்னொரு கேமை அது வெளியான வருடத்தின்படி எழுதினால் பட்டியல் முழுவதும் குழம்பிவிடும்.

என் கட்சி, வெளியான வருடம். காரணம் இருக்கிறது. ஆடிய வருடம் பெரும்பாலும் ஞாபகத்தை நம்பியது, ஏழாம் வகுப்பா எட்டாம் வகுப்பா என்றே நமக்கு உறுதியாகத் தெரியாது. வெளியான வருடத்தைச் சரிபார்க்கலாம். அதைவிட முக்கியமாக, வெளியான வருடம் என்று வைத்தால் அந்தக் கேமை அதன் காலத்துக் கேம்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும், தேர்வு செய்வது என்ற வேலையே அப்போதுதான் நிஜமாக நடக்கிறது. நீங்கள் எப்போது, எங்கே ஆடினீர்கள் என்பதைப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் கிடைத்துவிடும்.

சரி, வெளியான வருடம் என்றே வைத்துக்கொண்டாலும், எங்கே வெளியானது? போக்கிமானின் முதல் இரண்டு கேம்கள் ஜப்பானில் 1996 பிப்ரவரியில் வந்தன, அமெரிக்காவுக்கு 1998 செப்டம்பரில்தான் போய்ச் சேர்ந்தன, ஐரோப்பாவுக்கு 1999 ஆகிவிட்டது. பெர்சோனா 5 ஜப்பானில் 2016, மற்ற நாடுகளில் 2017. இதோடு எந்தக் கருவியில் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வரிசையின் வைஸ் சிட்டி பிளேஸ்டேஷன் 2-ல் 2002 அக்டோபரில் வந்தது, கம்ப்யூட்டருக்கு 2003 மே மாதம். நம்மூரில் வைஸ் சிட்டி என்றாலே கம்ப்யூட்டர்தான், அதனால் பலரும் யோசிக்காமல் 2003 என்று எழுதிவிடுகிறார்கள். ஜிடிஏ 5 இன்னும் மோசம்: 2013-ல் முதல் வெளியீடு, 2014-ல் அடுத்த தலைமுறை கன்சோல்கள் (டிவியில் மாட்டி ஆடும் கருவிகள்), 2015 ஏப்ரலில் கம்ப்யூட்டர்.

இதில் ஒரே விதியைப் பிடித்துக்கொள்வது நல்லது, உலகில் எங்கேயாவது, எதிலாவது முதன்முதலாக முழுமையாக வெளியான வருடம் என்று. இந்த விதி சில இடங்களில் உறுத்தும், ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் இங்கே ஒரு பெரிய ஆசை காத்திருக்கிறது. 2004-ஐப் பாருங்கள். ஹாஃப்-லைஃப் 2, ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், மெட்டல் கியர் சாலிட் 3, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஹேலோ 2, நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2 எல்லாம் அந்த ஒரே வருடத்தில். சான் ஆண்ட்ரியாஸையும் வைக்க வேண்டும், ஹாஃப்-லைஃப் 2-ஐயும் விட மனமில்லை, உடனே சான் ஆண்ட்ரியாஸின் கம்ப்யூட்டர் வடிவம் 2005 ஜூனில்தானே வந்தது என்று ஞாபகம் வரும், அதை மெதுவாக 2005-க்குத் தள்ளிவிடுவார்கள். பிரச்சினை தீர்ந்தது மாதிரி தெரியும். ஆனால் 2005-ல் இருந்திருக்க வேண்டிய ஷேடோ ஆஃப் தி கொலோசஸோ, முதல் காட் ஆஃப் வாரோ, நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டடோ அங்கே இடமில்லாமல் போய்விடும். அதைவிட, இரண்டில் எது என்று உங்களையே கேட்டுக்கொள்ளும் அந்தச் சங்கடத்திலிருந்து தப்பித்துவிட்டீர்கள், இந்தப் பட்டியலில் ருசியே அந்தச் சங்கடம்தான். ஒன்றை விடும்போதுதான் மற்றது எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். நான் 2004-ல் சான் ஆண்ட்ரியாஸை வைத்திருக்கிறேன். ஹாஃப்-லைஃப் 2 நுட்பமாகச் செதுக்கப்பட்ட கேம், இயற்பியலை வைத்து அது செய்தது இன்றும் வியப்பாக இருக்கும், ஆனால் லாஸ் சான்டோஸிலிருந்து கிராமப்புறச் சாலைகளில் வண்டியை ஓட்டிக்கொண்டு எந்த மிஷனும் இல்லாமல் மலையேறிப் போன அந்தச் சுதந்திரத்தை எனக்கு வேறு எதுவும் கொடுக்கவில்லை.

விட முடியாத வருடங்களில் தோற்றவற்றின் பெயரையும் பக்கத்தில் சின்னதாக எழுதிவையுங்கள். 2007-க்கு இது கட்டாயம் வேண்டியிருக்கும்: பயோஷாக், போர்ட்டல், டீம் ஃபோர்ட்ரஸ் 2, மாடர்ன் வார்ஃபேர், மாஸ் எஃபெக்ட், சூப்பர் மரியோ கேலக்ஸி, முதல் அன்சார்டட், முதல் அசாசின்ஸ் கிரீட். இந்த வருடத்தில் சிலர் ஆரஞ்சு பாக்ஸ் என்று எழுதி மூன்று புதுக் கேம்களை ஒரே அடியில் உள்ளே கொண்டுவந்துவிடுகிறார்கள். அது ஒரு தொகுப்பு. தொகுப்பை விட்டுவிட்டு அதற்குள் எது என்று சொல்லுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒரு வருடத்துக்கு எதுவும் தோன்றவில்லை என்பதற்காக, பெயர் மட்டும் கேள்விப்பட்ட ஒரு கேமை வைத்து நிரப்புவது. 1998-க்கு நேராக ஒகரினா ஆஃப் டைமை எழுதுகிறவர்களில் எத்தனை பேர் நின்டென்டோ 64-ஐ நேரில் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு எமுலேட்டரிலோ (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள்) மறுவெளியீட்டிலோ ஆடி நிஜமாகவே மனம் பறிகொடுத்திருந்தால் தாராளமாக வையுங்கள், நீங்கள் அப்போது குழந்தையா, பிறக்கவே இல்லையா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஆடவே ஆடாமல், எல்லோரும் சொல்கிறார்களே என்று வைத்தால் அந்த வரி உங்களுடையது அல்ல. ஆடியது இல்லை என்றால் காலியாக விடுங்கள், காலி இடம் அவமானமான விஷயம் ஒன்றுமில்லை, இனிமேல் ஆடிப் பார்ப்பதற்கான குறிப்பாக அது இருக்கட்டும்.

பெயரில் இருக்கும் எண்ணை நம்புவது இன்னொரு தவறு. ஈஏ நிறுவனத்தின் கிரிக்கெட் 07 கடைக்கு வந்தது 2006 நவம்பரில். ஃபிஃபா வரிசை பல வருடங்கள் இப்படித்தான், முந்தைய வருடம் செப்டம்பர் அக்டோபரில் வந்துவிடும். பிரையன் லாரா கிரிக்கெட் 99 வெளியானது 1998-ல். கிரிக்கெட் 07-ஐ இன்றும் புதுப்புது அணிகளையும் ஜெர்சிகளையும் சேர்த்து ஆடிக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவு அன்பு வைத்த கேமுக்குச் சரியான வருடத்தைக் கொடுப்பது மரியாதை.

ஒரே பெயரில் இரண்டு மூன்று கேம்கள் இருப்பது இதைவிடக் குழப்பும். நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் 2005-லும் இருக்கிறது, 2012-லும் இருக்கிறது, இரண்டுக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை குறைவு. காட் ஆஃப் வார் 2005, 2018. டூம் 1993, 2016. டூம்ப் ரெய்டர் 1996, 2013. நம்மில் பலருக்குத் தெரிந்த ரோட் ராஷ் இதற்கு நல்ல உதாரணம்: முதல் கேம் சேகா ஜெனிசிஸில் 1991, அதே பெயரில் வேறு மாதிரிச் செய்யப்பட்ட கேம் 3டிஓ கன்சோலில் 1994, அதுதான் 1996-ல் விண்டோஸுக்கு வந்து இங்கே கம்ப்யூட்டர் இருந்த வீடுகளிலெல்லாம் ஓடியது. சங்கிலியைச் சுழற்றிப் பக்கத்தில் பைக் ஓட்டுகிறவனை அடித்த ஞாபகம் அந்தக் கம்ப்யூட்டர் வடிவத்திலிருந்து வருகிறது என்றால், மேலே சொன்ன விதிப்படி அதற்கு வருடம் 1994.

ரீமேக் (பழைய கேமைப் புதிதாகக் கட்டுவது), ரீமாஸ்டர் (மெருகேற்றுவது) விஷயத்தில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2013-ல் வந்தது, 2014-ல் மெருகேற்றி வந்தது, 2022-ல் புதிதாகக் கட்டி வந்தது, ஆனாலும் ஜோயலும் எல்லியும் நடக்கும் பாதை அதேதான், ஆகவே 2013-க்குத்தான் அது சொந்தம். ரெசிடென்ட் ஈவில் 2 அப்படி இல்லை. 1998-ல் கேமரா ஒரே இடத்தில் நிலையாக நிற்கும், மூலைக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாததுதான் பயம். 2019-ல் கேமரா நாயகன் லியோனின் தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது, அதனால் பயம் வேறு, நடை வேறு, துப்பாக்கியைப் பிடிக்கும் கணக்கே வேறு. அவை இரண்டு கேம்கள், இரண்டு வருடங்களிலும் போட்டி போடலாம். ஃபைனல் ஃபேன்டசி 7-ம் இப்படித்தான், 1997-ல் கதையின் தொடக்கத்தில் வரும் மிட்கார் நகரத்தை மட்டும் எடுத்து 2020-ல் ஒரு முழு கேமாக விரித்துவிட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி எளிது: பழையதை ஆடிய கை, புதியதில் மறுபடி பழக வேண்டியிருக்கிறதா? பழக வேண்டியிருந்தால் அது தனி கேம்.

தேதியைத் தேடும் இடத்திலும் ஏமாறுகிறார்கள். ஆன்லைன் கடையில் போட்டிருக்கும் தேதி பெரும்பாலும் அந்தக் கடைக்கு வந்த தேதி. ஃபைனல் ஃபேன்டசி 7 ஸ்டீமுக்கு வந்தது 2013-ல், அதைப் பார்த்து 2013 என்று எழுதினால் பதினாறு வருடம் தள்ளிப் போய்விடும். மோபிகேம்ஸ் போன்ற தரவுத்தளத்தில் எந்தக் கருவி, எந்த நாடு என்று பிரித்தே கொடுத்திருப்பார்கள், அங்கே பாருங்கள். விருதுப் பட்டியலையும் வருடத்துக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள். தி கேம் அவார்ட்ஸ் நவம்பரோடு கணக்கை முடித்துவிடுவதால் டிசம்பரில் வருபவை அடுத்த வருடத்துக்குப் போய்விடும். சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் 2018 டிசம்பர் 7 அன்று வெளியாகி 2019-ன் சிறந்த கேம் போட்டியில் நின்றது.

முழுமையாக வெளியாவதற்கு முன்பே விற்பனைக்கு வரும் கேம்கள் தனிக் கதை. மைன்கிராஃப்டை 2009-லிருந்தே மக்கள் ஆடினார்கள், முழு வெளியீடு 2011 நவம்பர். ஹேடீஸ் 2018 டிசம்பரில் பாதிச் சமையலாக வந்து 2020 செப்டம்பரில் முடிந்தது. பால்டர்ஸ் கேட் 3 முதலில் 2020 அக்டோபர், முழுசாக 2023 ஆகஸ்ட். நான் முழு வெளியீட்டைத்தான் எடுப்பேன். கவுன்டர்-ஸ்ட்ரைக் 1999-ல் ஹாஃப்-லைஃபை மாற்றி ரசிகர்கள் செய்த வடிவமாக (மாட்) ஆரம்பித்து 2000-ல் தனியாக விற்பனைக்கு வந்தது, பிரவுசிங் சென்டர்களில் வரிசையாக உட்கார்ந்து ஆடிய 1.6 பதிப்பு 2003. இதை 2000-ல் வைத்துவிட்டு 1.6 என்று குறிப்பு எழுதிக்கொள்ளலாம். வருடக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும் கேம்களுக்கும் இதே வழிதான். சைபர்பங்க் 2077 நல்ல நிலைக்கு வந்தது 2023-ல், 2.0 அப்டேட்டும் ஃபேன்டம் லிபர்ட்டியும் வந்த பிறகு, ஆனால் அதன் இடம் 2020. பப்ஜி மொபைல் 2018-ல் வந்தது, 2020 செப்டம்பரில் இங்கே தடை செய்யப்பட்டது, 2021-ல் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற பெயரில் திரும்பியது. ஆடிய கைக்குத் தெரியும் அது அதே கேம் என்று, 2018-லேயே வையுங்கள்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. போனில் ஆடியதையெல்லாம் கணக்கிலேயே எடுக்காமல் விடுவது. கன்சோலிலும் கம்ப்யூட்டரிலும் ஆடியதுதான் கேம், மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு, தன் வாழ்க்கையில் பாதியை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். நோக்கியா 3310-ல் இருந்த ஸ்னேக் 2-ம் ஸ்பேஸ் இம்பாக்ட்டும் இங்கே ஒரு தலைமுறையின் முதல் கேம்கள். அப்பாவின் போனைக் கெஞ்சி வாங்கி, பஸ்ஸில் பேட்டரி தீரும் வரை பாம்பை வளர்த்தவருக்கு 2000-ல் ஸ்னேக் 2-ஐ விடப் பொருத்தமான கேம் எது? அதற்குப் பதிலாக டியஸ் எக்ஸ் என்று எழுதினால் படிக்கிறவர்கள் மெச்சலாம், ஆனால் பாம்பு வாலைக் கடித்து முடிந்த அந்த நொடியில் வந்த எரிச்சலை டியஸ் எக்ஸ் உங்களுக்குக் கொடுக்கவில்லையே. ஆங்கிரி பேர்ட்ஸ் 2009, டெம்பிள் ரன் 2011, கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் 2012. வெட்கமே வேண்டாம். பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் ஆசிரியர் பார்க்காதபோது திறந்த டேஞ்சரஸ் டேவ், டூம் உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ அதற்கு முன்பு செய்த கேம். சந்தையில் வாங்கிய பிரிக் கேம் என்ற சின்னக் கையடக்கப் பெட்டியில் நாம் ஆடியது, அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் மாஸ்கோவில் உருவாக்கிய டெட்ரிஸின் ஏதோ ஒரு நகல்தான். இவையும் கேம் வரலாறுதான், அதில் நமக்கு நடந்த பகுதி.

எத்தனை மணி நேரம் ஆடினோம் என்பதை அளவுகோலாக வைப்பதும் வழி தவறச் செய்யும். தினமும் நண்பர்களோடு ஆடும் கேமில் நேரம் தானாகச் சேரும், சேர்ந்ததெல்லாம் பிரியம் இல்லை, சில சமயம் வெறும் பழக்கம். போர்ட்டலை ஒரு மாலையில் முடித்துவிடலாம். வெண்பா என்ற கேம் இன்னும் சின்னது, ஒரே மூச்சில் முடிந்துவிடும். டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது, எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். அதே வருடத்தில் பால்டர்ஸ் கேட் 3, செல்டாவின் டியர்ஸ் ஆஃப் தி கிங்டம், ஆலன் வேக் 2 எல்லாம் இருக்கின்றன, முதல் இரண்டையும் நூறு மணி நேரம் தாண்டியும் ஆடலாம். 2023-க்கு நான் வெண்பாவை வைத்திருக்கிறேன். மகன் கவின் தமிழில் பதில் சொல்லத் தயங்கும் இடங்களில், பேச்சை அந்த கேம் எழுத்தால் காட்டும் விதத்தை வேறு எந்தப் பெரிய கேமிலும் நான் பார்த்ததில்லை. இந்தத் தேர்வை யாரிடமும் வாதாடி நிரூபிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை, உங்களுக்கும் அப்படித்தான்.

ஞாபகத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காமல், சந்தேகம் உள்ள கேமை அரை மணி நேரம் மறுபடி ஆடிப் பாருங்கள். சில கேம்கள் அப்படியே இருக்கும், சிலவற்றில் அந்தக் காலத்து நண்பர்கள்தான் பிடித்திருந்தார்கள் என்று தெரியவரும். ஆனால் எதை ஆடிப் பார்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2021 நவம்பரில் வந்த ஜிடிஏ மூன்று கேம்களின் டெஃபினிட்டிவ் எடிஷன் (மெருகேற்றிய மறுவெளியீடு) வெளியானபோது குறைகள் மலிந்து கிடந்தன, முகங்களே மாறிப்போயிருந்தன, மழை பெய்தால் சாலை தெரியவில்லை. அதை ஆடிவிட்டு வைஸ் சிட்டி இவ்வளவுதானா என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் பாவம். எப்போது ஆடினீர்கள் என்று மறந்துபோயிருந்தால் ஆடும்போது கிடைத்த ஒவ்வொரு சாதனைக்கும், அதாவது ஸ்டீமில் அச்சீவ்மென்ட், பிளேஸ்டேஷனில் டிராஃபி (கோப்பை), தேதி இருக்கும், அதைப் புரட்டினாலே மறந்த கேம்கள் வரிசையாக எழுந்து வரும்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒன்றிரண்டு வரி எழுதுங்கள். கதை சூப்பர், கிராஃபிக்ஸ் சூப்பர் என்று எழுதாதீர்கள், அது எந்தக் கேமுக்கும் பொருந்தும். ஒரு இடம், ஒரு சத்தம், ஒரு தோல்வி என்று அந்தக் கேமில் மட்டுமே இருப்பதைச் சொல்லுங்கள். எழுத வரவில்லை என்றால் பெரும்பாலும் அந்தத் தேர்வு தவறு, அடுத்த பெயரைப் பாருங்கள்.

கடைசியாக, நடந்துகொண்டிருக்கும் வருடத்தையும் சென்ற வருடத்தையும் பூட்டிவிடாதீர்கள். புதிதாக ஆடியது எப்போதும் பெரிதாகத் தெரியும், அதோடு நல்ல கேம்கள் பல நம் கைக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும், விலை இறங்கிய பிறகோ யாராவது சொன்ன பிறகோ. 2019-க்கு நெடுநாள் செகிரோவைத்தான் வைத்திருந்தேன். அப்புறம்தான் அவுட்டர் வைல்ட்ஸ் ஆடினேன், 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், கையில் மிஞ்சுவது நாம் தெரிந்துகொண்டது மட்டும்தான், வேறு ஆயுதமோ சக்தியோ சேர்வதில்லை. பட்டியலை மாற்றினேன். மாற்றும்போது பழைய பெயரை அழிக்காமல் தேதி போட்டுக் கீழே விட்டுவையுங்கள், எந்த வயதில் எது பிடித்திருந்தது என்பது அதில்தான் தெரியும்.